இணைப்பு உயிரோடு இருக்கிறதா?



அந்தமான் தீவுகளிலிருந்து படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் சென்னைக்கு வந்திருக்கும் நம் குடும்பங்களில், கணினி வலையமைப்புப் பாடம் பயிலும் வாலிபர் பலர் உண்டு. அவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் ஒரு சிறு காரியத்தை இம்மாதம் பார்ப்போம். பெற்றோர்களே, இது பிள்ளைகளின் பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றிற்குச் செய்திகளை வழிகாட்டி அனுப்பும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். அதில் கேபிள் வந்து சேரும் ஒவ்வொரு வாசலையும் இன்டர்ஃபேஸ் என்பார்கள். வாசல் திறந்திருக்கிறதா என்று அறிய, சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ என்று தட்டச்சு செய்வார்கள். உடனே ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே இரண்டு பதில்கள் தோன்றும். கேபிள் வழியாகச் சமிக்ஞை வருகிறதா என்பதற்கு முதலாவது பதில். மறுமுனையோடு பேச்சு நடக்கிறதா என்பதற்கு இரண்டாவது பதில். இரண்டும் ‘அப்’ என்றிருந்தால் நலம். இரண்டும் ‘டவுன்’ என்றிருந்தால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது மறுமுனையிலுள்ள கருவி அணைந்திருக்கலாம். முதலாவது ‘அப்’, இரண்டாவது ‘டவுன்’ என்று வருவதும் உண்டு. சமிக்ஞை வருகிறது, பேச்சு இல்லை. ஒரே வீட்டில் ஒரே மேசையில் உண்டும் ஒருவரோடொருவர் பேசாதிருக்கிற நிலைமை அது!

இன்னொரு பதில் இருக்கிறது. ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்று வரும். கேபிள் அறுந்துபோயிருக்க வேண்டியதில்லை, கருவி எரிந்துபோகவும் இல்லை. இந்தப் பெட்டியிலேயே யாரோ ‘ஷட்டவுன்’ என்று கட்டளை கொடுத்து வாசலை அடைத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். கவனியுங்கள். இந்த வார்த்தை அடைத்தவருடைய பக்கத்தில் மாத்திரமே தோன்றும். மறுமுனையில் இருப்பவருக்கு வெறும் ‘டவுன்’ என்றுதான் தெரியும். கேபிள் போயிற்றோ, கடலில் ஏதேனும் ஆயிற்றோ என்று அவர் தவித்துக்கொண்டிருப்பார். உண்மையை அறிந்தவர் அடைத்தவர் ஒருவரே.

எத்தனை தாய்மார் இப்படித் தவிக்கிறார்கள்! சென்னைக்கு வந்த மகன் பேசுவதில்லை. வேலை அதிகமோ, உடல்நலம் குன்றியதோ என்று தீவில் ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மகனோ, சொத்துக் காரியத்தில் வந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக் கதவை அடைத்துவிட்டான். பேதுரு தன் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் புருஷர்களுக்கு எழுதுகிறபோது, மனைவியைக் கனப்படுத்தாதவனுடைய ஜெபத்திற்குத் தடை வரும் என்று எச்சரிக்கிறார். ஜெபத்திற்குப் பதில் இல்லையே என்று உபவாசத்தைக் கூட்டுகிற சகோதரர், இந்த வசனத்தையும் ஒருமுறை வாசிப்பது நல்லது. ‘நோ ஷட்டவுன்’ என்ற கட்டளையையும் அடைத்த பக்கத்தில்தான் கொடுக்க வேண்டும். மறுமுனையில் எத்தனை பேர் முயன்றாலும் அந்த வாசல் திறவாது.

ஆனால் எல்லா மௌனமும் அடைப்பு அல்ல. இதை அந்தமான் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு வரைக்கும் தீவுகளின் தொலைத்தொடர்பு முழுவதும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. பூமிக்கு ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளுக்குக் குரல் ஏறி இறங்கக் கால் விநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னும் கால் விநாடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று கேட்டுக்கொண்டதை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இணைப்பு தாமதமாயிருந்தது, அறுந்திருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கடலடி ஒளியிழைக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது. ஹேவ்லாக் என்னும் சுவராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் இணைக்கும் அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். ஒளி அவ்வளவு தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு, அல்லது சற்று அதிகம், போதும். (2024-இல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. வீடுகளில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.)

தானியேல் பத்தாம் அதிகாரத்தில், அவர் ஜெபிக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே அது கேட்கப்பட்டது. தூதன் வந்து சேர இருபத்தொரு நாட்கள் சென்றன. அந்த மூன்று வாரமும் பரலோகத்தின் பக்கத்தில் வாசல் அடைக்கப்படவில்லை.

உண்மையாகவே அறுந்துபோன நாட்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது நிக்கோபார் தீவுகளோடு தொடர்பு அற்றுப்போயிற்று. அம்மாதம் அமெச்சூர் வானொலிக் குழுவோடு போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தம் சிறிய வானொலிக் கருவியைக் கொண்டு, பிழைத்தவர்களின் செய்திகளை வெளியுலகத்திற்கு அனுப்பினார். ‘நான் உயிரோடிருக்கிறேன்’ என்ற அளவே போதுமானதாயிருந்தது.

ரவுட்டர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன. சீரியல் இணைப்பில் சிஸ்கோ ரவுட்டர் பத்து விநாடிக்கு ஒருமுறை மறுமுனைக்கு ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. அதற்குக் ‘கீப்அலைவ்’ என்று பெயர். அதில் தகவல் ஒன்றும் இராது. நான் இருக்கிறேன் என்பது மாத்திரமே. தொடர்ந்து மூன்று முறை அது தவறினால், கேபிள் நன்றாயிருந்தும் ரவுட்டர் அந்த இணைப்பை ‘டவுன்’ என்று எழுதிவிடும். ‘அம்மா தினமும் சாப்பிட்டாயா என்று மாத்திரம் கேட்கிறார்கள், வேறு விஷயமே இல்லை’ என்று சலித்துக்கொள்ளும் தம்பி தங்கைமார், அந்தக் கேள்வி என்ன வேலை செய்கிறது என்பதை இப்போது அறிந்துகொள்வீர்கள்.

வீட்டுக் காரியத்திற்கு வருவோம். ஊரிலுள்ள பெற்றோர் வீட்டில் ஒளியிழை மோடம் இருந்தால், அடுத்த முறை செல்லும்போது அதன் விளக்குகளை அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வருகிறது. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வரவில்லை. பெரும்பாலும் இழை எங்கோ முறிந்திருக்கும். அப்போது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, அலுவலகத்திற்குத்தான் சொல்ல வேண்டும். பச்சை எரிந்தும் ஒன்றும் திறக்கவில்லையானால், கட்டணம் கட்டியாயிற்றா என்று முதலாவது பாருங்கள். புகார் எண்ணையும் உங்கள் சாதாரணத் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மோடத்தின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிற இரவில், வீடியோ அழைப்பு வராவிட்டாலும், அந்த எண்ணுக்கு அவர்கள் அழைக்கக்கூடும்.