இருதய நோயாளியும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும்

பசியில்லாதவனைத் தேடிப் பிடித்து இலை போட்டுவிட்டு, பசித்து வந்தவனை மாத்திரம் வாசற்படியிலேயே நிறுத்தி விசாரணை செய்கின்ற சத்திரத்தைத் தருமசத்திரம் என்று யாராவது சொல்லுவார்களா? நம் நாட்டுத் தனியார் வைத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நடவடிக்கை ஏறக்குறைய இப்படித்தான் இருந்து வருகின்றது. நோய்நொடி அறியாத வாலிபன் வீட்டுக்கு ஏஜண்டு பத்துத் தடவை நடக்கிறார். இருதயத்தில் ஸ்டெண்ட் வைத்துக்கொண்டவரோ, கால் ரத்தக்குழாய் அடைபட்டவரோ விண்ணப்பம் போட்டால் மறுப்பு, அல்லது கூடுதல் பிரீமியம், அல்லது “மூன்று வருஷம் பொறும்” என்கிற பதில்.

தீப்பற்றிய பிறகு வீட்டை இன்ஷூர் செய்ய வந்தால் எப்படிக் கட்டுபடியாகும் என்பது கம்பெனியார் சொல்லும் சமாதானம். கணக்குப்படி அதில் நியாயம் இல்லாமலில்லை. அவர்கள் விண்ணப்பத்தில் ராசி, நட்சத்திரம் கேட்பதில்லை. புகை பிடிப்பதுண்டா, சர்க்கரை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அம்மட்டில் ஜோசியரைவிட யோக்கியர்களே.

நிற்க, 2024-ம் வருஷம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார், முன்னமேயுள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலத்தை 4 வருஷத்திலிருந்து அதிகபட்சம் 3 வருஷமாகக் குறைத்தார்கள். ஆனால் இருதய நோயாளியைச் சேர்த்தே தீரவேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த நிலையில்தான் சில ஏஜண்டுகள், “ஆப்பரேஷன் விஷயத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள்” என்று யோசனை சொல்லுகிறார்கள். தோழர்கள் இதற்கு ஒருக்காலும் செவிகொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்த அன்று பழைய ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டு வெளியே வந்துவிடும். பணமும் வராது, பாலிசியும் ரத்தாகும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியில் மறைத்ததாகக் குற்றஞ்சாட்ட முடியாது என்று விதி இருப்பது மெய்தான். ஆனால் மோசடி ருஜுவானால் அதுவும் உதவாது. தவிரவும், அடைபட்ட குழாய் 60 மாதம் எண்ணிக்கொண்டிருக்குமா? உள்ளதை எழுதி, மறுத்தால் காரணத்தை எழுத்துமூலம் கேட்டு, அடுத்த கம்பெனியைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். வேலை செய்யுமிடத்தில் கூட்டுப் பாலிசி இருந்தால் முதலில் அதில் சேரவேண்டும். அவற்றில் பல, பழைய நோயையும் முதல் நாளிலிருந்தே ஏற்கின்றன.

ஏழைகளுக்காக 2018-ல் ஏற்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலோ, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை, முன்னமேயுள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செலவு கிடைக்கிறது. ஆளைப் பொறுக்கியெடுக்காமல் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்ததால் இது சாத்தியமாயிற்று. முதலாளி தேசமாகிய அமெரிக்காவிலேயே 2010-ல் செய்த சட்டத்தின்படி, 2014 முதல் பழைய நோயைக் காட்டி ஒருவரை மறுக்கவோ அதிகக் கட்டணம் கேட்கவோ கூடாது. அதனால் அங்கு இன்ஷூரன்ஸ் தொழில் அழிந்துபோய்விடவில்லை.

சர்க்கார் திட்டத்தில் சேர வருமானம் சற்று அதிகம், கூட்டுப் பாலிசிக்கு எஜமானனும் இல்லை என்கிற சில்லறைக் கடைக்காரரும் தையற்காரரும் ஸ்டெண்டோடு எங்கே போவார்கள்? வருமானத்துக்குத் தக்க பணத்தைப் பெற்றுக்கொண்டு இவர்களையும் சர்க்கார் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள என்ன தடை என்று, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைத் தோழர்கள் கேட்கவேண்டுமாய் விரும்புகிறோம்.