களத்திற்கு ஸ்பானியம், பட்டத்திற்கு ஆங்கிலமா?

அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் மக்களிடையே புதிய சபை நிறுவ வேண்டுமெனில், ஊழியருக்கு ஸ்பானியம் இன்றியமையாதது என்று இறையியல் கல்லூரிகள் போதிக்கின்றன. அதே ஊழியர் முதுகலைப் பட்டம் பெற வந்தால், கட்டுரையும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பிரசங்கத்திற்குத் தகுதி பெற்ற மொழி ஆய்வுக்குத் தகுதியிழந்துவிடுகிறது. இதை நடைமுறைச் சிக்கல் என்று கூறிக் கடந்துவிடுகிறோம். என் பார்வையில் இது அதிகாரப் பங்கீட்டுச் சிக்கல்.

மொழியியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. ஃபெர்குசன் 1959இல் விவரித்த இரட்டை வழக்கை, ஃபிஷ்மன் 1967இல் வெவ்வேறு மொழிகள் கூடி வாழும் சமூகங்களுக்கும் விரித்தார். எந்த மொழி உயர்வழக்கு என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. நிறுவனத்தை ஆள்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

வரலாற்றைப் பாருங்கள். ஆங்கிலேயரான ஆலிஸ் லூஸ், வட இந்தியாவில் மிஷனரியாக இருந்துவிட்டுப் பின்னர் அமெரிக்காவில் மெக்சிகோ மக்களிடையே பணியாற்றியவர். ஒவ்வொரு மக்களின் சபையும் தன்னைத் தானே ஆண்டு, தானே தாங்கி, தானே பரவ வேண்டும் என்று 1921இல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், செல்வாக்கு மிக்க மெக்சிகோப் போதகர் பிரான்சிஸ்கோ ஒலசாபல், வெள்ளையர் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்து, லூஸ் பணியாற்றிய அதே அசெம்பிளீஸ் ஆஃப் காட் அமைப்பிலிருந்து வெளியேறினார். 1926இல் டெக்சாஸில் ஹென்றி பாலும் கலிபோர்னியாவில் லூஸும் ஸ்பானியம் பேசுவோருக்கென வேதாகமப் பள்ளிகளைத் தொடங்கினர். ஆனால் ஸ்பானிய சபைகளின் கண்காணிப்பாளர் பொறுப்பு, பாலிடமிருந்து டெமெட்ரியோ பசானின் கைக்கு வந்தது 1939இல்தான். மொழியை உடனே வழங்கினார்கள். நாற்காலியை வழங்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த அடுக்கைக் குலைக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் ஹுஸ்தோ கொன்சாலெஸ். 1937இல் ஹவானாவில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, புவேர்ட்டோ ரிக்கோவிலும் பின்னர் அட்லாண்டாவிலும் இறையியல் பேராசிரியராக இருந்தவர். தனக்குக் கிடைத்த நாற்காலியோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. கோடைக்காலப் பாடத்திட்டம், 1991இல் ஹிஸ்பானிய இறையியல் கல்விக்கான சங்கம், 1996இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கான உதவித் திட்டம் என மூன்று அமைப்புகள் உருவாகக் காரணமானார். அந்தச் சங்கம் பிற்காலத்தில் வேதாகமப் பள்ளிகளுக்குச் சான்றளிக்கும் முறையை வகுத்து, அவற்றில் பயின்றோர் உயர்கல்விக்குச் செல்லும் வாயிலைத் திறந்தது. ஆங்கிலவழி மாணவர்கள் பாடநூலாகப் பயிலும் அவரது திருச்சபை வரலாறுகூட, ஸ்பானிய வாசகர்களுக்காக அவர் எழுதத் தொடங்கிய பெரும் பணியோடு ஒட்டிப் பிறந்ததே. உயர்சிந்தனைக்கு அம்மொழி போதாது என்போர் இதற்கு விடை கூறட்டும்.

“இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் ஆங்கிலத்திற்கு மாறிவிடுகிறார்களே” என்பது வழக்கமான மறுப்பு. மொழிமாற்றம் நிகழ்வது உண்மை. ஆனால் நாளை பேரன் பேசப்போகும் மொழியைக் காரணம் காட்டி, இன்று தாத்தாவின் அறிவுக்கு மதிப்பெண் மறுப்பது என்ன நியாயம்? தவிரவும், வீட்டுமொழி கல்விக்கூடத்தில் மதிப்பிழப்பதே அம்மாற்றத்தை விரைவுபடுத்தும் காரணங்களுள் ஒன்று. நோயை உண்டாக்கிவிட்டு அதையே சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

சில கல்லூரிகள் ஸ்பானியப் பாடத்திட்டங்களைத் திறம்பட நடத்துகின்றன; மறுக்கவில்லை. அவை வளாகத்தின் ஓரத்தில் ஒரு மையமாகவே நின்றுவிடுகின்றனவா என்பதுதான் கேள்வி. ஆய்வேட்டை ஸ்பானியத்தில் எழுதலாமா? அதைத் திருத்தும் தகுதியுள்ள நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர்? பாடத்திட்டக் குழுவில் சபை நிறுவிய போதகருக்கு வாக்கு உண்டா? “பன்முகத்தன்மை” என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இம்மூன்றையும் கேட்போம். ஒரு மொழியில் மக்களைத் திரட்டத் தெரிந்த நிறுவனம், அம்மொழியில் தேர்வுத்தாள் திருத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும்.