7-ஐ 2-ஆல் வகுத்தால்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கோவை வீடுகளில் கிளம்பும் கேள்வி, “எந்த லாங்வேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?” என்பதுதான். காந்திபுரத்துப் பயிற்சி மையங்களில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும்: ஓரிடத்தில் பைத்தான், அடுத்த மாடியில் ஜாவா, எதிர்ச் சாரியில் ஃபுல் ஸ்டாக். புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் திணறுவது தவறான மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் அல்ல, எடுத்த மொழி கைக்குப் பழகும் முன்பே அடுத்ததற்குத் தள்ளப்படுவதால் என்றே நான் கருதுகிறேன். அப்படித் தள்ளுவதில் பாடத்திட்டத்துக்கும் பங்குண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவி பதினொன்றில் சி++ படிக்கிறாள், பன்னிரண்டில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கணினிப் பொறியியலில் சேர்ந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் மறுபடி பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் ஜாவா. நான்கு ஆண்டு முடிவதற்குள் நான்கு மொழிகள். ஒவ்வொன்றும் பரீட்சை முடிந்ததும் பின்னால் போய்விடுகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் முழு எண்ணாகக் கொடுத்தால் சி++ மொழி 3 என்கிறது. பைத்தான் 3.5 என்கிறது. (அந்தப் பைத்தானும் 2008-ல் மூன்றாம் பதிப்பு வரும்வரை 3 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.) சி-க்குப் போனால் மறுபடி 3, ஜாவாவிலும் 3. ஏன் இப்படி என்று ஒரு மாணவி ஒரு வாரம் நின்று யோசித்தால், முழு எண்ணும் தசம எண்ணும் கணினிக்குள் வெவ்வேறு வகை, வகை மாறினால் விடையும் மாறும் என்பது பிடிபடும். எந்த மொழிக்குப் போனாலும் அந்தப் புரிதல் கூடவே வரும். நிற்க நேரமில்லாதவளோ “பைத்தானுக்கு இது, ஜாவாவுக்கு அது” என்று மனப்பாடம் செய்துகொள்கிறாள். கருவிகளிலும் இதே கதைதான். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது பாத் என்ற ஒரு கட்டத்தில் டிக் போட விட்டுப்போனால், பைத்தான் என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று கணினி கைவிரிக்கும். கோளாறு அந்த டிக்கில் இருக்க, பிள்ளை தனக்கு புரோகிராமிங் வராது என்று முடிவுகட்டிவிடுகிறது.

பயிற்சி மையங்களுக்கு வெளியே, இதே ஊரில் சத்தமில்லாமல் புரோகிராம் எழுதும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் சிஎன்சி (கணினி வழி ஓடும்) லேத் ஓட்டும் ஆபரேட்டர்கள் எழுதும் ஜி-கோடும் ஒரு நிரல்மொழிதான். ஜி00 என்றால் டூல் வேகமாக நகரும், ஜி01 என்றால் கொடுத்த ஃபீடில் (வெட்டும் வேகத்தில்) நேர்கோட்டில் வெட்டும். ஃபனுக் கன்ட்ரோலில் பழகிய ஒருவர் சீமென்ஸ் மெஷினுக்கு மாறினால், ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) செய்ய ஜி71 எழுதிய இடத்தில் சைக்கிள்95 எழுதப் பழக வேண்டும். அந்த மாற்றம் அவரை முடக்கிப் போடுவதில்லை. ஜாப்பை எப்படிப் பிடிப்பது, டூல் எந்த வழியாக வர வேண்டும், எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதெல்லாம் ஒரே மெஷினில் நாள்கணக்கில் நின்று பழகியதில் அவருக்குள் இறங்கியிருக்கிறது.

வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஜாவா கேட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு மொழியில் வீட்டுக் கணக்கோ நூலகப் பதிவோ ஏதோ ஒன்றைத் தானே முழுதாக எழுதி, பிழை திருத்தி, ஓட வைத்த மாணவிக்கு இரண்டாவது மொழி முதல் மொழி அளவுக்குக் கடினமாக இருக்காது. தமிழ் வழியில் படித்து அந்தியூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிழைச்செய்திகள் கூடுதல் சுமை. அவர்களுக்குத்தான் ஒரே மொழியில் தங்குவது இன்னும் அவசியம். திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சிலவே; பைத்தானில் கடைசி வரியை முதலில் படி, எந்த வரி எண் என்று பார் என்று காட்டிக்கொடுத்தால் பயம் பாதி போய்விடும். ஆண்டுக்கொரு மொழி மாறினால் பிழைகளும் புதுசாகின்றன, பயமும் புதுசாகிறது.

இப்போது ஏஐ எழுதித் தருகிறதே, எதற்கு இந்தப் பாடு என்பது புதிய ஆட்சேபம். அது எழுதித் தரும், பல நேரம் நன்றாகவே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு காஸ்டிங் புரோகிராம் ஜாவாவில் எழுதி வாங்குகிறீர்கள், பீஸுக்கு இத்தனை கிராம் துணி என்ற வகுத்தலில் தசமம் உதிர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் நிற்காது, பிழையும் காட்டாது, ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியைக் குறைத்தே கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 3 என்று வந்த விடையைப் பார்த்ததும் 3.5 அல்லவா வர வேண்டும் என்று சந்தேகப்படுகிற ஆள் அந்த மேசையில் தேவை. நான்கு மொழிகளைத் தொட்டுவிட்டு வந்தவரைவிட, ஒன்றில் தங்கிப் பழகியவருக்கே அந்தச் சந்தேகம் வர வாய்ப்பு அதிகம்.