லீவு இல்லாத ஊசி

வக்கீலைக் கல்யாண வீட்டில் கண்டால் பட்டா விவகாரம் கேட்பார்கள். டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுவார்கள். பச்சை குத்துகிறவளைக் கண்டால்? கையை நீட்டுவார்கள்! ரயிலில், ரேஷன் கடையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஏம்மா, நீ டாட்டூ போடறவளாமே? இதைக் கொஞ்சம் பாரேன்!" கடைக்குப் பூட்டு போடலாம், தொழிலுக்குப் பூட்டு போட முடியுமா?

என் கண்ணும் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டியின் முன்கையில் பச்சைக் கோலம் தெரிந்தால், மனசு தானாகவே புள்ளிகளை எண்ண ஆரம்பித்துவிடும். குறவர் இனப் பெண்கள் வீடு வீடாக வந்து குத்திய கோலம் அது. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்களாம். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி, தண்ணீரோ தாய்ப்பாலோ விட்டுக் குழைத்தால் மை தயார். இதை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார்.

1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் மின்சார மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கைவலி குறைந்தது, ஆனால் கவலை குறையவில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்கு வைத்தால், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை கூடவே போகலாம். இதில் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

போன மாதம் உறவில் ஒரு வளைகாப்பு. வளையல் அடுக்கும்போதே கர்ப்பிணிப் பெண் என் காதோடு கேட்டாள்: "அக்கா, அடுத்த வாரம் வந்தா கையிலே ஒரு பூ போட்டு விடறீங்களா?" "முதல்லே பிள்ளையைப் பெத்து, பால் மறக்கடி. அப்புறம் பூ போடலாம்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய நாத்தனார் சிரிக்கவில்லை. தோளுக்குக் கீழே இருந்த ஒரு மச்சத்தைக் காட்டி, "இது மேலே ஒரு பட்டாம்பூச்சி போட்டு மறைச்சிடுங்க. அசிங்கமா இருக்கு" என்றாள்.

பார்த்தேன். ஓரம் சீராக இல்லை. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. "ஆறு மாசமா பெரிசாகுது. சமயத்திலே அரிக்கவும் அரிக்குது" என்று அவளே சொன்னாள்.

"மச்சத்து மேலே நான் ஊசி வைக்க மாட்டேம்மா. மையிலே மறைஞ்சு போனா, அது மாறினா யாருக்கும் தெரியாது. முதல்லே தோல் டாக்டர்கிட்டே காட்டு" என்றேன். அவளுக்குக் கோபம். லீவு நாளில் கேட்டதால் தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் போன் செய்து நச்சரித்தேன். கடைசியில் போனாள். டாக்டர் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் ரிசல்ட் வந்தது. ஆனால் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், நான் அல்ல!

இரவு பத்து மணிக்கு வரும் போன்கள் வேறு கதை. "அக்கா, அரிக்குது, சொறியலாமா?" "மஞ்சள் தடவலாமா?" சகோதரிகளே, பச்சை குத்திய இடம் ஒரு புண்தான். ஊசி மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கில் மையை வைக்கிறது. அதனால் இவற்றை நினைவில் வையுங்கள்:

1. ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். மையைச் சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். கையுறையும் புதிதாக இருக்க வேண்டும்.

2. குத்திய இடத்தை மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, ஒற்றித் துடையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆறும்வரை வெயில், கடல் குளியல், கை வைத்தியம் மூன்றும் வேண்டாம்.

3. சிவப்பு பரவினாலோ, சூடு, சீழ், காய்ச்சல் கண்டாலோ எனக்குப் போன் செய்யாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

4. குழந்தைகளின் கையில் 'கறுப்பு மெஹந்தி' வைக்காதீர்கள். மருதாணி இயற்கையாக ஆரஞ்சும் செம்பழுப்பும்தான் தரும். உடனே கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் தலைச்சாயத்தின் ரசாயனம் சேர்ந்திருக்கக்கூடும். பிஞ்சுத் தோலில் கொப்புளம் கிளம்பி, தழும்பாகவே நின்றுவிடலாம்.

"கடையைச் சாத்திட்டியா, இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். என்ன செய்வது? தைத்த ரவிக்கை பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கலாம். நான் போட்ட கோடு அந்தப் பெண்ணோடு ஆயுசுக்கும் போகிறது. லேசரால் எடுப்பதென்றாலும் பல தடவை நடக்க வேண்டும். பணமும் வலியும் கொஞ்சமல்ல. அப்படியிருக்க, என் பொறுப்புக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எப்படிக் கிடைக்கும்?

ஆகவே தயங்காமல் கேளுங்கள். ஆனால் குத்திக்கொள்வதற்கு முன்னால் கேளுங்கள். அப்போது நான் சொல்கிற 'வேண்டாம்' என்ற ஒரு சொல், பின்னால் பல மாத வைத்தியத்தை மிச்சப்படுத்தும்.