கழற்றக் கருவி, பூட்டக் கை

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்ற பழமொழியை நம் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறோம். சாமர்த்தியத்தைப் பாராட்ட எழுந்த அந்த மொழி, உரிய கருவி இல்லாமலே காலந்தள்ளுவதற்குச் சாக்காகி வருவது வருந்தத்தக்கது. டிராக்டரின் ஆயில் பில்டர் இறுகிக்கொண்டால், அதன் வயிற்றில் திருப்புளியை அடித்து ஏற்றித் திருகும் வழக்கம் இதற்கோர் உதாரணம். இவ்வழக்கத்தை அங்கத்தினர்கள் கைவிட வேண்டும். அதற்குரிய கருவியைச் சங்கமே வாங்கி வைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் மானாவாரி விவசாயத்தை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியே இங்கு பருத்தியும் மிளகாயும் மல்லியும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் பயிராகின்றன. கரிசல் மண் சேறாயிருக்கையில் டிராக்டர் அதில் இறங்காது. காய்ந்துவிட்டால் மண் கட்டிதட்டி வெடித்துவிடும். இடையே பதமான நாட்கள் சிலவே கிடைக்கின்றன. கோடை முழுவதும் சும்மா நின்ற வண்டிக்கு முதல் மழை விழுந்த பிறகே ஆயில் மாற்ற நினைவு வருகிறது. அச்சமயம் பில்டர் கழல மறுத்தால், அந்த வண்டியை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் விதைப்பு ஈரம் தவறிப்போகிறது.

பில்டர் ஏன் இறுகுகிறது? தற்கால டிராக்டர்கள் பலவற்றில் உள்ளது மரையில் திருகி மாட்டும் தகர டப்பா வடிவமான பில்டர். அதன் வாய்ப்புறத்தில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. மாட்டும்போது அவ்வளையத்தில் எண்ணெய் தடவாமல் விட்டாலும், பலங்கொண்ட மட்டும் முறுக்கினாலும், என்ஜினின் சூடு பட்டுப் பட்டு வளையம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. குறித்த காலத்தில் மாற்றாமல் விடுவது இந்த ஒட்டுதலை இன்னும் பலப்படுத்துகிறது.

டப்பாவின் தகரமோ மெல்லியது. திருப்புளியால் துளையிட்டுத் திருகும்போது, வளையம் இளகுமுன் தகரம் கிழிந்துவிடுவதுண்டு. பின்னர்ப் பிடிப்பதற்கு இடமே இராது. அடித்தகடு மட்டும் என்ஜினோடு நிற்கும். அதை உளியால் தட்டிக் கழற்றப் போய், வளையம் அமரும் வழவழப்பான பரப்பிலோ நடு மரையிலோ காயம் பட்டால் ஆயில் கசிவு ஓயாது. பத்துத் தடவை இம்முறை பலித்தது என்று சொல்வோர் உண்டு. பலித்ததை நாம் மறுக்கவில்லை. பலிக்காத பதினோராவது தடவையின் செலவை யார் ஏற்பது என்றே கேட்கிறோம்.

உரிய கருவிகள் மூவகை: பட்டையால் சுற்றி இறுக்குவது, சங்கிலியால் இறுக்குவது, பில்டரின் முனையில் குல்லாய்போல் கவிந்து பொருந்துவது. உதிரிபாகக் கடையில் பில்டர் ஸ்பேனர் என்று கேட்டால் கிடைக்கும். குல்லாய் வகை அந்தந்த அளவுக்கே பொருந்துமாதலால், பல வண்டிகளுக்குப் பொதுவாக வைக்கப் பட்டையும் சங்கிலியுமே ஏற்றவை.

என்ஜினை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, பழைய ஆயிலை வடித்தபின், பில்டரின் மேலுள்ள பிசுக்கைத் துணியால் துடைக்க வேண்டும். பிறகும் பட்டை வழுக்கினால் அதனடியில் உப்புத்தாளைச் சுற்றலாம். டப்பாவின் நடுவில் ஸ்பேனரை மாட்டினால் டப்பா நசுங்கும். என்ஜினை ஒட்டிய ஓரத்தை அடித்தகடு தாங்குவதால் அங்கேதான் மாட்ட வேண்டும். பில்டரின் மூடிய முனையை நேரே பார்த்து இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கீழ்நோக்கித் தொங்கும் பில்டரை மேலிருந்து பார்த்துத் திசை தவறினால் அது மேலும் இறுகிவிடும்.

கழன்றதும், பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதன்மேல் புதிய வளையம் அமர்ந்தால், அழுத்தம் ஏறியதும் ஆயில் பீறிடும். கவனியாவிட்டால் என்ஜினே இறுகி நின்றுவிடும். புதிய வளையத்தில் சுத்தமான ஆயிலைத் தடவி, அது பரப்பைத் தொட்டபின், பில்டரில் அச்சிட்டுள்ள அளவுக்குக் கையால் முடுக்க வேண்டும். பெரும்பாலும் அது அரை முதல் முக்கால் சுற்றாக இருக்கும். கழற்றுவதற்கே ஸ்பேனர், பூட்டுவதற்குக் கை போதும்.

நெசவாள அங்கத்தினர்கள் இதை எளிதில் ஒப்புவர். பாவில் விழுந்த சிக்கலைப் பலத்தால் இழுத்தால் இழை அறும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. மின்தடைக்காக டீசல் ஜெனரேட்டர் வைத்துள்ள விசைத்தறிக் கூடங்களிலும் இத்தகைய பில்டர் உண்டு. பல மாதம் ஓடாத ஜெனரேட்டரில் அது இறுகியிருந்தால் வியப்பில்லை. ஆகவே இது விவசாயிகளின் காரியம் மட்டும் என்று அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஓரிரு முறை தேவைப்படும் கருவிக்கு ஒவ்வொருவரும் பணம் போடுவதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடைதான் கூட்டுறவு. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சிறு தொகைகளைச் சேர்த்து ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். அக்கடையில் முதலில் வைத்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சாமான்களே. உலகளாவிய இயக்கம் அத்தகைய சிறு தேவையிலிருந்தே வளர்ந்தது. பட்டை ஸ்பேனர் ஒன்றின் விலையோ ஒரு மணி நேர டிராக்டர் வாடகைக்கு மேற்படாது.

நகரத்தில் மெக்கானிக் இருக்கிறாரே என்பது மற்றோர் ஆட்சேபம். விதைப்பு வாரத்தில் எல்லோரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள். நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்கு அவர் எப்போது வந்து சேர்வார்? இரவல் போன கருவி திரும்பாது என்பதும் மெய்யே. அதற்குப் பதிவேடு இருக்கிறது. வாங்கியவர் பெயர், தேதி, திருப்பிய தேதி ஆகிய மூன்றையும் எழுதிக் கையொப்பம் பெற்றால் கருவி காணாமற்போகாது.

சங்க நிர்வாகத்தாருக்கு நாம் கூறும் யோசனை இதுதான். பட்டை ஸ்பேனர் ஒன்றும் சங்கிலி ஸ்பேனர் ஒன்றும் ஆயில் வடிக்கும் தட்டு ஒன்றும் வாங்குக. ஆவணி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினர்களின் வண்டிகளுக்கெல்லாம் அன்று ஆயிலும் பில்டரும் மாற்ற ஏற்பாடு செய்க. கழித்த ஆயிலைக் கண்மாய்க் கரையிலோ வாய்க்காலிலோ கொட்டவிடாமல் பீப்பாயில் சேர்த்து, அதைச் சுத்திகரிப்புக்கு எடுப்போரிடம் கொடுக்க.

மழை நம் கையில் இல்லை. மழை வரும் நாளில் வண்டி புறப்படும் நிலையில் இருப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை எடுத்துப் பேசி முடிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.