பட்டறை இல்லாத பட்டறைகள்

‘பட்டடை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல், அந்த அடைகல் இருக்கும் உலைக்கூடம். குறள் 821-இல் முதற்பொருளில் வருகிறது. இன்றைய ‘பட்டறை’யும் இவ்விரண்டையும் சுமக்கிறது. வேலையைத் தாங்கும் தளமும் வேலை நடக்கும் இடமும் ஒரே பெயர் பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கல்லூரிகளோ மூன்று அமர்வு, மதிய உணவு, சான்றிதழ் கொண்ட நிகழ்வைப் ‘பயிற்சிப் பட்டறை’ என்கின்றன. அங்கே இல்லாதது பட்டறை ஒன்றுதான்.

தொழிற்சொற்களைத் திரட்டப் போய், வீட்டில் சிறு விமானம் கட்டுவோரின் மேசைகளில் நின்றுவிட்டேன். கருவிகளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய மூலையில் எந்த மேசையையாவது போடுவது என்னும் வழக்கத்தை அவர்களுள் தேர்ந்தவர்கள் ஏற்பதில்லை. இடம் குறையக் குறைய மேசையின் தேர்வே முதல் தேர்வாகிறது.

இடமில்லை என்போர்க்கு அமோல் யாதவ் நல்ல மறுமொழி. விமானியான அவர், மும்பை கந்திவலியில் தம் குடும்பம் வாழும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். மின்தூக்கி கிடையாது, கடைசல் இயந்திரமும் எஞ்சினும் படிக்கட்டு வழியாகவே ஏறின. 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்காக விமானத்தைப் பிரித்துக் கிரேன் கொண்டு இறக்கினார்கள். 2017-இல் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது.

பெங்களூரின் 30-க்கு 40 அடி மனை வீட்டில், தரைத்தளத்தில் ஒரு கார் நிற்கும் இடம் கிடைத்தால் பெரும்பேறு. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி விமானத்தின் இறக்கை வீச்சு ஏறத்தாழ 26 அடி. அது அங்கே முழுதாக அடங்க வேண்டியதில்லை. இறக்கைகளும் உடற்பகுதியும் தனித்தனியே உருவாகிப் பின்னரே ஒன்றுசேர்கின்றன. ஆகவே மேசையின் அளவை முடிவு செய்வது அன்று கையிலிருக்கும் உறுப்பின் அளவே.

அமெரிக்காவில் 1953-இல் தோன்றிய, விமானம் கட்டும் ஆர்வலர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ.-வின் ஆயிரமாவது கிளை பரப்பிய மேசை 5-க்கு 2 அடிதான். ஒரே உயரத்தில் இரண்டு செய்துகொண்டால் போதும். நீளவாக்கில் சேர்த்தால் 10 அடி. பக்கவாட்டில் சேர்த்தால் 5-க்கு 4. இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, ஆணித்தலை பதிவதற்கான குழியை அழுத்தும் சி-வடிவக் கருவியை மேசை மட்டத்திலேயே பொருத்தலாம். பெரிய அலுமினியத் தகடு இருபுறமும் தாங்கப்பட்டுக் கிடக்கும். வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிட்டுக் காரை நிறுத்தலாம். ஒரே பெரிய மேசையால் இவற்றில் எதுவும் இயலாது.

இழைக்கலவை விமானத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் தேசிய வானூர்தி ஆய்வகம் 1980-களில் பறக்கவிட்ட எல்.சி.ஆர்.ஏ. என்னும் ஆய்வு விமானம் லாங்-ஈஸியின் வழிவந்தது. அம்முறையில் நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து, மேசைமேல் நேர்ப்படுத்தி, கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சியில் தோய்த்துப் படியவிடுகிறார்கள். தாங்குசட்டங்களைக் கார்களுக்குப் பூசும் பட்டியைக் கொண்டே மேசையோடு ஒட்டிவைப்பார்கள். இங்கே ஒரே நீண்ட, அசையாத மேசைதான் வேண்டும். சக்கரம் கூடாது.

எவ்வகையாயினும் மேசை முறுக்கேறியிருக்கக் கூடாது. முறுக்கிய தளத்தில் கட்டும் இறக்கை அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்; மேல்தகடு ஆணியடித்து மூடப்பட்டபின் அதை நேராக்க வழியில்லை. விமானம் ஒருபுறம் சாய்ந்துகொண்டே பறக்கும். வேகம் குறையும்போது ஓர் இறக்கை முந்திக்கொண்டு விழும். இரு முனைகளிலும் இரு நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒன்றன் விளிம்பை மற்றதன் விளிம்போடு கண்ணால் ஒப்பிட்டாலே முறுக்கு தெரிந்துவிடும். ரசமட்டம் அதற்குப் பிறகுதான். சுவரில் மடக்கும் மேசைகளை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். கீல் தளரும் மேசையை நான் படிப்பு மேசையாகக்கூட ஏற்கமாட்டேன்.

விமானப் பொறியியல் துறையினரிடம் ஒரு கோரிக்கை. 1940-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கிய ஊர் இது. அடுத்த பயிற்சிப் பட்டறையின் இரு நாட்களில் உரைகளைக் குறைத்து, மாணவரை இந்த மேசைகளைச் செய்யவிடுங்கள். 8-க்கு 4 அடிப் பலகை ஒன்றிலிருந்து 5-க்கு 2 அடி மேற்பலகைகள் இரண்டு கிடைக்கும்; எஞ்சும் 4-க்கு 3 அடித் துண்டு கீழ்த்தட்டுகளுக்கு ஆகும். கால்களுக்குச் சதுர இரும்புக் குழாய் போதும். எம்.டி.எஃப். பலகையானால் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூச மறக்க வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் அது உப்பிவிடும்.