சீட்டெழுதி அனுப்புவது மருத்துவமன்று!

நம் நெடுஞ்சாலைகளில் சிந்தும் குருதிக்குக் கணக்கெழுதுவார் உளர். அக் குருதியை நிறுத்தவல்ல கைகளை எண்ணிப் பார்ப்பார்தாம் இலர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 நேர்ச்சிகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 17,884 பேர் மாண்டனர் என்றும் நடுவணரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அறிவித்தது. நேர்ச்சிகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு இந்திய மாநிலங்கள் அனைத்திலும் நாமே முதலிடம். சாவின் எண்ணிக்கையில் உத்தரப்பிரதேசத்திற்கு அடுத்த இடம். நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது பேர்! ஒரு பேருந்து நிறைய மக்களை நாள்தோறும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, மறுநாட் காலையில் ஒன்றும் நிகழாததுபோல் நாம் வேலைக்குச் செல்கின்றோம். கொள்ளை நோயொன்று இத்தனை பேரை ஓராண்டில் வாரிச் சென்றிருந்தால் நாடு இப்படி உறங்கிக் கிடக்குமா?

இவ்வாறு மாண்டாரெல்லாம் சாலையிலேயே மாண்டாரல்லர். இதனை முதலிற் புரிந்துகொள்ளுதல் வேண்டும். ஊறுபட்டார் சாவை மருத்துவ நூலார் மூன்று கூறாகப் பகுப்பர். மூளை சிதைந்தோ, பெருங்குருதிக் குழாய் அறுந்தோ அந்த நொடியிலேயே மாள்வார் ஒரு சாரார். அவர்களை எந்த மருத்துவனும் மீட்க இயலாது. சில மணி நேரத்திற்குள் மாள்வார் இரண்டாம் சாரார். மண்ணீரல் கிழிந்தவர், கல்லீரல் பிளந்தவர், இடுப்பெலும்பு நொறுங்கியவர், நெஞ்சுக் கூட்டினுள்ளோ மண்டையோட்டினுள்ளோ குருதி கட்டியவர் இவர்கள். நாள்கள் சில கழிந்து, நச்சுத் தொற்றாலும் உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழப்பதாலும் மாள்வார் மூன்றாம் சாரார். இவர்களுள் இரண்டாம் சாராரைக் காப்பதற்குப் பயின்ற கையொன்று உரிய நேரத்தில் வேண்டும். மூன்றாம் சாராரைக் காப்பதற்கும் அம் முதற் சில மணி நேரத்துப் பண்டுவமே அடிப்படை. அமெரிக்கப் பால்டிமோர் நகரில் ஊறுபட்டார்க்கெனத் தனி மருத்துவ நடுவத்தைக் கட்டி வளர்த்த ஆடம்சு கவுலி என்னும் அறுவை மருத்துவர், அம் முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான மணி' என்று அழைத்தது இக் கரணியத்தாலேயே.

அப் பொன்னான மணியை நாம் என்ன செய்கின்றோம்? 2008 முதல் 108 ஊர்திகள் ஓடுகின்றன. அடிபட்டவரை அள்ளிக்கொண்டு வருகின்றன. 2021 திசம்பர் 18-இல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கியது. முதல் நாற்பத்தெட்டு மணி நேரப் பண்டுவச் செலவை, தொடக்கத்தில் ஓரிலக்கம் உருபா வரையில், அரசே ஏற்றது. எம் மாநிலத்தான், எந் நாட்டான் என்று பாராமல் ஏற்றது. இது பாராட்டத்தக்க செயலே, மறுப்பார் எவருமிலர். ஆனால் ஊர்தி கொண்டு சேர்க்கும். பணம் செலவை ஈடுசெய்யும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வயிற்றைத் திறந்து குருதியை நிறுத்துவது எது? ஊர்தியா? பணமா?

மாவட்டத்துச் சிறு மருத்துவமனையொன்றை எண்ணிப் பாருங்கள். இருசக்கர ஊர்தியினின்று தூக்கியெறியப்பட்ட இளைஞன் ஒருவன் கட்டிலில் கிடக்கின்றான். வெளியே பெரும் புண்ணில்லை, உள்ளே வயிறு குருதியால் நிரம்பிக்கொண்டிருக்கின்றது, நாடி தளர்கின்றது. அங்குள்ள இளம் அறுவை மருத்துவர் தயங்குகின்றார். மயக்க மருத்துவர் வீட்டிலிருந்து வரவேண்டும். குருதி வேறிடத்திலிருந்து வரவேண்டும். துணைக்கு மூத்தவர் எவருமிலர். முடிவில் ஒரு சீட்டு எழுதப்படுகின்றது: 'மேற்பண்டுவத்திற்கு அனுப்பப்படுகின்றார்.' எந்தச் சாலையில் அடிபட்டானோ அதே சாலையில் மீண்டும் இரண்டு மணி நேரப் பயணம்! போய்ச் சேர்வது சிற்சில வேளைகளில் நோயனாக. பல வேளைகளில் பிணமாக.

அவ் விளம் மருத்துவரைப் பழிப்பது எம் நோக்கமன்று. அவர்க்குக் கற்பிக்கப்படாததை அவரிடம் எதிர்பார்ப்பதே குற்றம். மூன்றாண்டு அறுவை மருத்துவ மேற்படிப்பில் அவர் பெரிதும் கற்றவை நாள் குறித்துச் செய்யும் அறுவைகள்: குடலிறக்கம், பித்தப்பை, கழுத்துக் கழலை, மார்பகப் புற்று. அங்கே நோய் இன்னதென்று முன்னரே தெரியும். நோயர் வெறுவயிற்றோடு வருவார். ஆய்வுத் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஊறுபட்டவனோ எந்தத் தாளும் இல்லாமல் வருகின்றான். அவனிடம் முதலில் நோயைத் தேடிக்கொண்டிருத்தல் கூடாது. மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம் என்னும் வரிசையில் உயிரை நிறுத்திய பின்னரே நோயைத் தேடுதல் வேண்டும்.

அறுவையின் முறையும் வேறு. குருதி வடிந்தவன் உடல் குளிரும். குளிர்ந்த உடலில் குருதி உறையாது. உறையாக் குருதி மேலும் வடியும். குருதியில் புளிப்பு ஏறும். அது மேலும் உறைதலைக் கெடுக்கும். இச் சுழலுக்குள் சிக்கியவனை மேசைமேற் கிடத்தி ஐந்து மணி நேரம் அழகுற அறுவை செய்வது அவனைக் கொல்வதாகும். குருதியை மட்டும் அடைத்து, கிழிந்த குடலைக் கட்டி, வயிற்றைத் தைக்காமலேயே மூடி, உடலை வெப்பப்படுத்தித் தேற்றி, ஓரிரு நாள் கழித்து மீண்டும் திறந்து எஞ்சியதை முடித்தல் வேண்டும். 1993-இல் பிலடெல்பியா மருத்துவர்கள் முறைப்படுத்தி எழுதிய வழி இது. பாதியில் நிறுத்தும் துணிவு ஏட்டைப் படித்து வருவதன்று. அறிந்த ஆசானருகில் நின்று பல இரவுகள் விழித்துக் கற்பது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கற்றன? 1976-இல் நெபுராசுகாவில் சேம்சு சுடைனர் என்னும் எலும்பு மருத்துவர் தாமே ஓட்டிய வானூர்தி வீழ்ந்து மனைவியை இழந்தார். பிள்ளைகள் கடும் ஊறுபட்டனர். சிற்றூர் மருத்துவமனையில் தம் பிள்ளைகட்குக் கிடைத்த பண்டுவத்தின் குறையைக் கண்டார். அவர் அழுது ஓய்ந்துவிடவில்லை, நண்பரைக் கூட்டினார், 1978-இல் முதற் பயிற்சி வகுப்பு நடந்தது, 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்று நாடெங்கும் பரப்பியது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை அதுவே. அதற்கும் மேலே, அறுவை மருத்துவப் பட்டம் பெற்றார்க்கு ஈராண்டு மேனிலைப் பயிற்சியை அந்நாட்டார் அமைத்தனர். ஊறு, உயிர்காப்புப் பிரிவுப் பண்டுவம், நெருக்கடி அறுவை ஆகிய மூன்றும் ஒருங்கே அதில் அடங்கும். இங்கிலாந்து 2012-இல் நாடு முழுதும் ஊறுபட்டார் மருத்துவ வலையமைப்பை நிறுவி, எவ்வூரில் அடிபட்டவர் எந்த மருத்துவமனைக்கு நேரே செல்லவேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்தது.

இந்தியாவில் இக்கல்வி இல்லையா? உண்டு. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மூன்றாண்டு உயர்பட்டப் படிப்பே உண்டு. தில்லியில் கல்வி உண்டு. நேர்ச்சிகளின் எண்ணிக்கையில் முதலிடம் நமக்கு! இது பொருந்துமா? முப்பத்தைந்துக்கு மேற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தம் மக்களின் வரிப்பணத்தால் கட்டிய நாடு, தன் சாலையில் விழுந்தவனைத் தூக்கி நிறுத்தும் கலையை மண்டலந்தோறும் கற்பிக்கவில்லையெனில், அக் கட்டடங்களால் யாருக்கு என்ன பெருமை?

எதிர்ப்பார் சில சொல்வர். 'எந்த அறுவை மருத்துவரும் இதனைச் செய்யலாமே' என்பர். செய்யலாம், நெஞ்சாங்குலை அறுவையையும் மூளை அறுவையையும் அவ்வாறு ஏன் விடவில்லை? பணம் படைத்தார்க்கு வரும் நோய்க்குத் தனித்துறை வேண்டும். மிதிவண்டியிலும் சாலையோரத்திலும் செல்வார்க்கு வருவதற்கு வேண்டாவோ? 'பயின்றவர் தனியார் மருத்துவமனைக்கும் வெளிநாட்டிற்கும் ஓடிவிடுவர்' என்பர். ஓடுவர், அவர்க்கென்று பணியிடமும் உயர்வும் இங்கு இல்லாவிடின் ஓடத்தான் செய்வர். 'நேர்ச்சியைத் தடுப்பதே முதல் வேலை' என்பர். உண்மையே, தலைக்கவசமும் நல்ல சாலையும் குடியாமையும் வேண்டும். ஆயின் தீயணைப்பு நிலையம் கட்டவேண்டா, தீப்பிடிக்காமற் பார்த்துக்கொள்வோம் என்று எவரும் சொல்வதில்லை. 'ஊறுபடுவார் வாராத நாளில் இம் மருத்துவர்க்கு என்ன வேலை?' என்றும் கேட்பர். குடல் ஓட்டையானவரும், இறங்கிய குடல் நெரிந்தவரும் இரவில் அதே கதவைத்தான் தட்டுகின்றனர். இருவரையும் காப்பது ஒரே கை.

எனவே நாம் கேட்பன இவை: மண்டலத்திற்கொரு அரசு மருத்துவக் கல்லூரியிலேனும் ஊறு, நெருக்கடி அறுவைக்கான ஈராண்டு மேனிலைப் பயிற்சியைத் தொடங்குக. அதில் அரசுப்பணி மருத்துவர்க்குச் செம்பாதி இடம் தருக; உயர்சிறப்புப் படிப்புகளில் 2020-இல் தமிழ்நாடு அவ்வாறு ஒதுக்கியது; 2022-இல் உச்சநீதிமன்றம் அதனைத் தடுக்க மறுத்தது; எனவே வழி புதிதன்று. பயின்றார்க்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நிலையான பணியிடமும் தக்க ஊதியமும் வரையறுக்க. அவர் ஒருவரை மட்டும் நிறுத்திப் பயனில்லை. மயக்க மருத்துவர், செவிலியர், குருதி வங்கி மூன்றையும் இரவு முழுதும் விழித்திருக்கச் செய்க. மாண்டார் ஒவ்வொருவரின் சாவையும் திங்கள்தோறும் கூடி ஆய்ந்து, தடுத்திருக்கக்கூடியது எது என்று எழுதி வைக்க.

பயின்ற மருத்துவன் இருக்குமிடத்தில் மேலிடத்திற்கு அனுப்புவது முடிவாக இராது. தேவையானால் குருதியை நிறுத்தியபின் எடுக்கும் அடுத்த படியாக இருக்கும். இவ் வேறுபாடுதான் ஒருவன் வீடு திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் இடையிலுள்ள தொலைவு. அன்பர்களே, உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இன்றிரவு அடிபட்டு வருபவனின் வயிற்றைத் திறக்க இங்கு யார் இருக்கின்றார்? விடை கிடைக்கும்வரை கேளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் கேளுங்கள். கேளாத நாட்டில் சீட்டுத்தான் எழுதப்படும்.